தொட்டா குடுக்கணும்

தேயிலை எஸ்டேட்டு வரிசை வீடுங்கதான் எங்க கீழ லயம், அங்க ஒரு வழக்கம் இருக்கு. சித்திரையில காளியம்மன் பொங்கல் முடிஞ்ச மறுநா காலையில, லயத்துப் பிள்ளைங்க அத்தனையும் கோயிலுக்கு முன்னாடி வரிசையா மல்லாக்கப் படுக்கணும். சும்மா படுத்தா ஆகாது, முட்டிய மடக்கிக்கணும். பூசாரி உள்ளங்கைய நல்லாத் தேச்சு சூடாக்கிட்டு, ஒவ்வொரு பிள்ளை பக்கத்துலயும் குத்தவச்சு, எடது வெலாவுக்குக் கீழ மூணு வெரல வப்பாரு. "மூச்ச இழு"ம்பாரு, இழுக்கணும். "விடு"ம்பாரு, விடணும். அப்பறம் ஒரு டம்ளர் நெலவேம்புக் கசாயம். எங்க தாத்தன் காலத்துல கொயினா மரத்துப் பட்டையாம். இப்ப அந்த மரமெல்லாம் வெட்டியாச்சு, அதனால நெலவேம்பு. கசப்புல ரெண்டும் அண்ணந்தம்பி.

இதுல ஒரே ஒரு சட்டம்தான். தொட்ட கைதான் குடுக்கணும். வயித்தத் தொட்டுப் பாத்துட்டு குடுக்காமப் போனா அது பாவம். அவ்வளவு பெரிய பாவம்னா, எங்க லயத்துல யாராச்சும் சும்மா விசாரிச்சுட்டு உதவி பண்ணாமப் போனாலே "தொட்டுட்டுப் போயிட்டான்"னுதான் திட்டுவாய்ங்க.

சின்ன வயசுல நானும் படுத்துருக்கேன், குடிச்சிருக்கேன், ஓடிப்போய் வாந்தியும் எடுத்துருக்கேன். சாமி காரியம்னு நெனச்சேன். அப்பறம் தேனியில மைக்ரோபயாலஜி சேர்ந்தேன். ரெண்டாம் வருசம் லைப்ரரியில ஒரு தடிப் புத்தகத்தப் பெரட்டுனா அதுல ஒரு படம். ஒரு பிள்ளை மல்லாக்கக் கெடக்கு, முட்டி மடங்கியிருக்கு, டாக்டர் கை எடது வெலாவுக்குக் கீழ. மலேரியா வந்தா மண்ணீரல் வீங்கும், பிள்ளைய மூச்ச இழுக்கச் சொன்னா அது எறங்கி வந்து வெரல்ல முட்டும், அந்தக் காலத்துல இப்படித் தொட்டுத் தொட்டுத்தான் ஒரு ஊர்ல எவ்வளவு காய்ச்சல் இருக்குன்னு கணக்குப் போட்டாங்கன்னு எழுதியிருந்துச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க காளியம்மன் கோயிலு, அங்க, அந்தப் புத்தகத்துல.

அன்னைல இருந்து எனக்கு இதே பைத்தியம். கொசுன்னா உசுரு, மலேரியான்னா சோறு வேண்டாம். படிப்ப முடிச்சு ஊருக்கு வந்து, சாந்தன்பாறைப் பக்கம் ஜீப்புல டூரிஸ்ட்டுக்கு வழி காட்டுற வேலை பாத்துக்கிட்டே, கெடச்சதையெல்லாம் படிச்சேன். வண்டியில வர்றவங்க யானை எங்கன்னு கேப்பாங்க, நான் கொசுவப் பத்திச் சொல்லுவேன். ஜீப்புக்காரரு பலதடவை நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு.

எங்க எஸ்டேட்டுல இதுக்கெல்லாம் ஒரு ஆதி இருக்கு. மேல லயத்தையும் தாண்டி உச்சியில ஒரு கல் பங்களா. நாங்க காய்ச்சல் பங்களான்னு சொல்லுவோம். வெள்ளைக்காரத் தொரைமாருங்க நூறு வருசத்துக்கு முன்னாடி கீழ நாட்டுல ஒரு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க, காட்டுக் காய்ச்சல்னு சொன்ன மலேரியா மாதிரி நம்ம ஊரு நோவுங்கள ஆராய்ச்சி பண்ண. அந்த ஸ்கூலோட மலை ஸ்டேஷன்தான் இந்த பங்களா. ரொம்ப நாளாப் பூட்டிக் கெடந்துச்சு. ஸ்கூலுக்கு நூறு வயசு ஆனதும் பெயிண்ட் அடிச்சு மியூசியம் ஆக்கப் போறோம்னாங்க. கோதமங்கலத்துக்காரரு ரிஜின்னு ஒருத்தர் மேனேஜரா வந்தாரு. நான் மொத ஆளாப் போய் நின்னேன். என் பேச்சக் கேட்டுட்டு அவரு தலையப் பிடிச்சுக்கிட்டாரு, ஆனா வேலைக்கு எடுத்துக்கிட்டாரு. தெறப்புவிழா வரைக்கும் தற்காலிகம், அதுக்கப்பறம் நிரந்தரம். எனக்கு ஆகாசத்துல பறக்குற மாதிரி இருந்துச்சு.

பறந்தது கொஞ்ச நாள்தான். விழாவுக்கு முந்தி பலகையெல்லாம் லாரியில வந்து எறங்குச்சு. நானே பிரிச்சு மாட்டுனேன். நடு ஹால் செவுத்துல, பழைய ஆராய்ச்சியோட வரைபடம் ஒண்ணு. மேல லயத்துக்கு மலேரியா மருந்து கொயினா குடுத்தாங்களாம், காய்ச்சல் கொறைஞ்சு கோடு கீழ எறங்குது. கீழ லயத்துக் கோடு அப்படியே ஒசரத்துல நிக்கிது. அதுக்கு அடியில எழுதியிருக்கு, மருந்து கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழு. அதாவது நாங்க. மேல உள்ளவங்களுக்கு மருந்து எம்புட்டு வேலை செய்யிதுன்னு தெரியணும்ல, அதுக்காக எங்க பிள்ளைங்க வயித்தத் தொட்டுப் பாத்துட்டு சும்மா போயிருக்காங்க. மாசா மாசம்.

சரி, நடந்தது நடந்துச்சு, ஒளிக்காம எழுதியிருக்காங்களேன்னு பாத்தா, அதுக்குப் பக்கத்துலயே சங்கிலியில தொங்குற பெரிய பித்தளைப் பலகை. மலையாளம், இங்கிலீஷ், தமிழ். "கீழ் லயத் தொழிலாளர்கள் மூடநம்பிக்கையால் மருந்தை மறுத்தனர். பள்ளியின் விடாமுயற்சியால் நோய் ஒழிந்தது."

ஒரே செவுரு. இந்தப் பக்கம் குடுக்கலங்குறான், அந்தப் பக்கம் இவங்க வாங்கலங்குறான்.

நேரா ரிஜின் சார்கிட்டப் போனேன். அவரு ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாரு. வரைபடம் லைப்ரரிக்காரங்க அனுப்புனது, பலகை விளம்பரக் கம்பெனி எழுதுனது, ரெண்டையும் சேத்து வச்சு யாரும் வாசிக்கலன்னாரு. மாத்துங்கன்னேன். தன் கையில இல்ல, ஸ்கூல் டைரக்டர் சொல்லணும்னாரு. அப்பறம் அவரே ஒரு யோசனை சொன்னாரு. டைரக்டர் பெரிய டாக்டர், விழாவுக்கு வாறாரு, விழா உங்க பொங்கலுக்கு மறுநாதான, அந்த வழக்கத்த அவரு கண்ணால பாக்கட்டும், மருந்த வேண்டாம்னவன் இத்தன வருசம் பிள்ளையப் படுக்க வப்பானான்னு அவருக்கே புரியும்னாரு.

எனக்கு அது போதும். லயத்துல வீடு வீடாப் போய்ச் சொன்னேன். அந்தக் காலத்துல நம்ம பொம்பளைங்க பங்களா கேட்டு வரைக்கும் போய் மருந்து கேட்டு, வெரட்டிவிட்டாங்கள்ல, டாக்டருங்க தொடுறப்ப பிள்ளைங்க காலப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்களே தொடக் கத்துக்கிட்டு, எஸ்டேட் கொயினா மரத்துல பட்டைய உரிச்சு, கங்காணி கேட்டா சாமி கும்புடுறோம்னு சொல்லி கோயில்ல வச்சு பாத்தாங்கள்ல, அதத்தான் இந்தப் பலகை அழிக்குதுன்னேன். இதெல்லாம் லயத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். பலகைதான் யாருக்கும் தெரியாது.

எங்க அம்மா கற்பகம் கொழுந்து நிறுத்துட்டு அப்பத்தான் வந்துச்சு. கொழுந்து பறிக்கிறப்ப சேலை நனையாம இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் படங்கு தாளக்கூட அவுக்கல. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"பிள்ளைங்கள அம்மனுக்குப் படுக்க வைக்கிறமா, அந்தாளுக்குப் படுக்க வைக்கிறமா?"

அம்மனுக்குத்தான், அவரு சும்மா பாப்பாருன்னேன். பாக்கட்டும், ஆனா தொட்டா குடுக்கணும், சொல்லிருன்னுச்சு. சரின்னேன். அவருகிட்டச் சொல்லல. தொடுவாருன்னு யாரு கண்டா.

அன்னைக்குக் காலையில ரெண்டு காரு வந்துச்சு. டைரக்டர் நல்ல ஒசரம், வெள்ளை முடி, தங்கமான சிரிப்பு. செருப்பக் கழட்டிட்டு கோயில் முன்னாடி வந்து நின்னாரு. பிள்ளைங்க படுத்தாச்சு. பொன்ராஜ் அண்ணன்தான் இப்பப் பூசாரி, மத்த நாள்ல பேக்டரியில தேயிலை காய வைக்கிற வேலை. புது வேட்டி, நெத்தி நெறைய திருநீறு. கையத் தேச்சாரு, மொதப் பிள்ளை பக்கத்துல குத்தவச்சாரு, மூணு வெரல வச்சாரு.

வலது பக்கம்.

அடுத்த பிள்ளைக்கும் வலது பக்கம். நான் கண்ணக் காட்டுறேன், கையக் காட்டுறேன், மனுசன் என்னயப் பாக்கவே இல்ல. பெறகு விசாரிச்சா, பெரிய மனுசங்க வந்துருக்காங்க, எடது பக்கம் தொட்டா மருவாதியா இருக்குமான்னு அவரே யோசிச்சு மாத்திட்டாராம்.

டைரக்டர் என் பக்கம் குனிஞ்சு மெதுவாச் சொன்னாரு, "அது கரளல்லே மோளே." அது கல்லீரலாச்சே மகளேங்குறாரு. காய்ச்சல் கணக்குக்குத் தொடுறது மண்ணீரல, இத இல்ல.

அப்பத்தான் மூணாவதாப் படுத்துருந்த யோகப்பிரியா, ஒண்ணாங்கிளாஸ்தான் படிக்கிறா, பொன்ராஜ் அண்ணன் கையப் பிடிச்சு இழுத்து இந்தப் பக்கம் வச்சுவிட்டா. "மாமா, இங்கன. அங்கன கூச்சமா இருக்கு." லயமே சிரிச்சுச்சு. பொன்ராஜ் அண்ணன் வெக்கப்பட்டுக்கிட்டு எடது பக்கமே வச்சாரு, மூச்ச இழுன்னாரு. அவ இழுத்தா. அவளுக்கு மட்டுந்தான் சொன்னாரு, ஆனா வரிசையில கெடந்த அத்தன வயிறும் ஒண்ணாப் பொங்கி ஒண்ணா எறங்குச்சு.

டைரக்டர் சிரிப்பு நின்னு போச்சு. மடங்கியிருந்த முட்டிகளப் பாத்தாரு. சட்டைக் கைய மடிச்சுவிட்டாரு, உள்ளங்கையத் தேச்சாரு, அடுத்த பிள்ளை பக்கத்துல போய்க் குத்தவச்சுட்டாரு. அவராலயே அடக்க முடியல, டாக்டர்ல. மூணு வெரல், அதே எடம். போட்டோக்காரன் சுத்திச் சுத்தி எடுத்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்.

அவரு எந்திரிச்சு ரிஜின் சார்கிட்டச் சந்தோசமாச் சொன்னாரு. இது நம்ம ஸ்கூல் படிப்பிச்சதாம். பலகையில இன்னொரு வரி சேக்கணுமாம், தொழிலாளர்களுக்கு ஸ்கூல் பயிற்சி குடுத்துச்சுன்னு. மறுத்தாங்கங்குறது என்ன ஆகுதுன்னு ரிஜின் சார் கேட்டாரு. அது அப்படியே இருக்கட்டும், மொதல்ல மறுத்துட்டு அப்பறம் படிச்சிருக்காங்க, நல்ல கதையில்லையான்னாரு.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அம்மா, கசாயம் சேலையில சிந்தாம இருக்க படங்கு தாள இடுப்புல கட்டிக்கிட்டு, கசாயச் சட்டியத் தூக்கிட்டு வந்து அவரு முன்னாடி நின்னுச்சு. டம்ளர நீட்டுச்சு.

அவரு என்னன்னு கேட்டாரு. சொன்னேன். தொட்ட கைதான் குடுக்கணும் சார், கடைசிப் பிள்ளை வரைக்கும்னேன். அவரு டம்ளர வாங்கி மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. கோவமெல்லாம் இல்ல, தன்மையாத்தான் பேசினாரு. ஒரு ஸ்கூலோட டைரக்டர், என்ன அளவுன்னு தெரியாத கசாயத்தப் பிள்ளைங்களுக்குக் குடுத்தார்னு நாளைக்கி போட்டோ வந்தா பதில் சொல்ல முடியாதாம். ஞாயம்தான். நான் படிச்ச டிபார்ட்மென்ட்டுல கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க.

என்ன சொல்றாருன்னு அம்மா கேட்டுச்சு.

"குடுக்க மாட்டாராம்மா."

அம்மா அவர ஏற எறங்கப் பாத்துச்சு. "அன்னைக்கும் இதத்தான சொன்னாக." அவ்வளவுதான், சட்டிய இடுப்புல வச்சுக்கிட்டு ஒதுங்கிருச்சு.

அவரு கார்ல ஏறி மேல போனாரு, பலகை தெறக்க. பின்னாடியே லயமும் நடந்துச்சு. யாரும் கூப்புடல. பிள்ளைங்க, பொன்ராஜ் அண்ணன், அம்மா, சட்டி. பாதியில நின்ன காரியம்ல, எங்கயாவது முடிக்கணும்ல.

பங்களா ஹால்ல அவரு கயித்த இழுத்தாரு, பட்டுத்துணி விழுந்துச்சு, கைதட்டுனாங்க. தமிழ்ல வாசிக்க வேண்டியது நானு. மைக்கக் குடுத்தாங்க. வாசிச்சிட்டு எறங்குனா நிரந்தர வேலை. ரிஜின் சார் மூஞ்சியில, தாயே வாசிச்சிருன்னு எழுதியிருந்துச்சு.

நான் மொதல்ல வரைபடத்த வாசிச்சேன். மருந்து கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழு. அப்பறம் பலகைய வாசிச்சேன். மூடநம்பிக்கையால் மருந்தை மறுத்தனர்.

"இப்பக் கீழ கோயில்ல எல்லாரும் பாத்தீங்க. சார் தொட்டாரு. எங்கம்மா மருந்த நீட்டுச்சு. வேண்டாம்னது யாரு?"

அதையே மலையாளத்துலயும் சொன்னேன், இங்கிலீஷ்லயும் சொன்னேன். மூணு மொழியிலதான பலகை இருக்கு.

டைரக்டர், இதப் பரிசீலிக்கலாம்னு எதையோ ஆரம்பிச்சாரு. அம்மா அதுக்குள்ள சட்டியக் கீழ வச்சுட்டு, விழுந்து கெடந்த பட்டுத்துணிய எடுத்துத் தட்டிப் பலகை மேல போட்டுச்சு. எங்க லயத்துக் குருவம்மாள் அத்தை ஒரு முனையப் பிடிச்சாங்க. துணி நிக்கல, வழுக்குச்சு. அம்மா இடுப்புல இருந்த படங்கு தாள அவுத்து, அதுக்கு மேல சுத்தி, கொழுந்துச் சாக்குக் கட்டுற முடிச்சுப் போட்டு இறுக்குச்சு. எங்க லயத்து முடிச்ச அவுக்கத் தெரியணும்னா எங்க லயத்துலயே பொறந்துருக்கணும்.

அப்பறம் வெளிய வந்து, அந்தப் பங்களாப் புல்லுல, ஒரு காலத்துல கேட்டுக்கு இந்தப் பக்கம் வரவிடாத புல்லுல, பிள்ளைங்கள மல்லாக்கப் படுக்க வச்சோம். பொன்ராஜ் அண்ணன் மொதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. எடது பக்கம். இழு, விடு, இந்தா குடி. டைரக்டர் காரு கதவத் தெறந்து வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னாரு. ஒரு தடவை எங்க பக்கம் ரெண்டெட்டு வச்சாரு. போட்டோக்காரன் கேமராவத் தூக்குனதும் திரும்பிக் கார்ல ஏறிட்டாரு. ரிஜின் சார் மட்டும் கடைசியில வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சாரு. பிள்ளைங்களவிட மோசமா மூஞ்சியச் சுழிச்சாரு. குடிச்சிட்டுத்தான் எனக்கு வேலை இல்லன்னு சொன்னாரு.

மியூசியம் தெறந்துதான் இருக்கு. பலகை மூடியிருக்கு. கூட்டிப் பெருக்குறவங்க, காவல் நிக்கிறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்க, கேட்டா சாமி காரியத்துல கட்டுனது, நாங்க தொட மாட்டோம்ங்குறாங்க. போன வாரம் ரிஜின் சார் போன் பண்ணி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமான்னு கேட்டாரு. அம்மாகிட்டயே போனக் குடுத்தேன்.

"தொட்டவர வந்து குடுக்கச் சொல்லுங்க. கட்டுனத நானே அவுத்துத் தாரேன்"னுச்சு. எழுதுனத மாத்திட்டுத்தான் அவுக்கணும்னு பின்னாடி இருந்து நான் சொன்னேன். அதையும் அம்மா சொல்லிருச்சு.

நான் பழையபடி ஜீப்புல போறேன். ரோடு பஞ்சாயத்து ரோடு, பங்களா முன்னாடி வண்டிய நிறுத்த யாரையும் கேக்க வேண்டியதில்ல. எறங்கி உள்ள போறவங்க எல்லாரும் திரும்பி வந்து ஒண்ணேதான் கேக்குறாங்க, அந்தத் தாளு சுத்தி வச்சுருக்கே, அதுல என்ன எழுதியிருக்குன்னு.

ஜீப்புக்காரரு இப்பல்லாம் கும்புடுறதில்ல. எஞ்சின அணைச்சுட்டு டீக்கடைக்குப் போயிடுறாரு, நான் சொல்லி முடிக்க நேரமாகும்னு அவருக்குத் தெரியும்.