எடையில்லாத பூனை

1
இந்தக் கதை எனக்குச் சுவரின் ஓட்டை வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவரில் ஓட்டை இருந்தது, அதன் பக்கத்தில் என் காது இருந்தது, அவ்வளவுதான். பூனைமுகத் தெய்வம் பாஸ்தெத்தின் கோயில் வாசலில் அடுத்தவர்களுக்காகத் தெய்வத்துக்கு மனு எழுதுவது என் தொழில்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தாசெனத் வீட்டில் எல்லோரும் புருவம் மழித்துக்கொண்ட அன்று நைல் நதியில்..." வேண்டாம். நதியை உள்ளே விட்டால் கதையே முங்கிப்போகும்.

2
எங்கள் ஊர்க்காரி தாசெனத்தின் பூனை செத்தது. பூனைத் துக்க வழக்கப்படி வீடே புருவம் மழித்தது. அவள் கணவருக்கு (இருந்த முகமே போதாதென்று) அது கொஞ்சமும் பொருந்தவில்லை. [இந்த வரியை அடிக்க வேண்டும். மனமில்லை.]

மகள் ரெனெனு காய்ச்சலில் கிடக்கிறாள். அவள் காலடியில் படுத்திருந்த பூனை முன்னால் போய்த் தெய்வத்திடம் அவளுக்காகப் பேசும் என்பது தாயின் நம்பிக்கை. அதற்குப் பூனை முழுசாகப் போய்ச் சேர வேண்டும். உப்பில் உலர்த்தித் துணி சுற்றும் வேலை என் பக்கத்து வீட்டு பாஹெரியிடம் வந்தது.

3
ஓட்டை வழியே கேட்டது, பாஹெரியும் அவன் மனைவியும்:

"நரி இழுத்துட்டுப் போயிடுச்சுடி. உப்புத் தொட்டியில வாலு மட்டுந்தான் கெடக்கு."

"மூடி வைய்யின்னு சொன்னேன்ல? இப்ப என்ன பண்ணப் போற?"

"நாணலும் வைக்கோலும் வெச்சுச் சுத்திடுவேன். வாலுதான் இருக்கே."

"அந்தப் பொண்ணு படுத்துக் கெடக்குதுய்யா."

அவன் என்ன பதில் சொன்னான் என்று தெரியவில்லை. அந்நேரம் என் மனைவி வந்து என் காதைச் சுவரிலிருந்து பிரித்துவிட்டாள்.

4
பாஹெரியை அயோக்கியனாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. சுற்றிய துணியில் இரண்டு காது மடித்து, மையால் கண்ணும் மீசையும் வரைந்திருந்தான். வெறும் வைக்கோலுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

5
நேற்று தாசெனத் வந்தாள். புருவம் பாதி முளைத்திருந்தது. மடியில் பூனைக் கட்டு.

"எழுதுங்கண்ணே. தாயே, எங்க பூனை முழுசா உங்ககிட்ட வருது, அது கேக்குறத எம்பொண்ணுக்குக் குடுங்கன்னு."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"ரொட்டிய ஊறவெச்சுக் குடுத்தாலும் எறங்கல. பூனை போய்ச் சேந்துச்சான்னு மட்டும் கேக்குறா." கட்டைத் தூக்கிப் பார்த்தாள். "எடையே இல்லண்ணே. பாவம், உப்புல இளைச்சிடுச்சு."

எந்த ஊர்க்கதையையும் ஒருநாள்கூட அடக்கி வைத்தறியாதவன் நான்.

"நாளைக்கு வாம்மா, மை தீந்துடுச்சு" என்றேன். நிறைந்த மைக்கிண்ணம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

6
முழுப்பூனை என்று எழுதினால், பொய்யைத் தெய்வத்தின் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன். கோபம் ரெனெனுவின் மேல் விழலாம். உண்மையைச் சொன்னால் தாய் கட்டைப் பிரிப்பாள், மகள் பார்ப்பாள். மூன்றாவது முடிவில் நரி மனம் மாறி... சரி, விடுங்கள்.

இந்தக் கதையும் நான் சுற்றிய கட்டுதான். காது மடித்திருக்கிறேன், மீசை வரைந்திருக்கிறேன்.

மனு இங்கே நிற்கிறது: "தாயே பாஸ்தெத், இந்தக் கட்டுக்குள் இருப்பது

தெருமுனையில் அவள் வருகிறாள், கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. அவளுக்கு எழுத்துத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இந்தாருங்கள், நாணல் பேனா.