உட்புறம் வெளியே வந்த இழுப்பறை

வடக்கு மின்னசோட்டாவில் உள்ள ஹால்வர் ஊர் முழுவதும் வெர்ன் லிண்டின் சமையலறை இழுப்பறைக்குள் இருக்கிறது. தேவாலயம், தானியக் கிடங்கு, உறைந்த ஏரி, அதன்மேல் நிற்கும் மீன்பிடிக் குடில்கள் எல்லாம் அதற்குள்தான். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்ன் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. கார் கொட்டகையில் இழுப்பறை செய்யும்போது பலகையைத் திருப்பி மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

இழுப்பறையின் மூலைகளைக் கோக்கும் 'புறா-வால்' இணைப்பை வெட்டும் விதம் எளிது. மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் இயந்திரம் மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும். சுழலும் முனை மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். அது நுனியில் அகன்று அடியில் ஒடுங்கியது. பல் பல்லான அச்சில் பலகையை இறுக்கி, முனையின் மேல் தள்ளிக்கொண்டு போனால் புறாவின் வால் போல விரிந்த பற்கள் விழும். அவை எதிர்ப் பலகையின் குழியில் அமர்ந்துவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் இழுப்பறையின் முகப்பு கழன்று வராது. இணைப்பு ஆடினால் முனையைச் சற்று உயர்த்த வேண்டும், இறுகினால் தாழ்த்த வேண்டும். கழிவுத் துண்டுகளில் இதையெல்லாம் வெர்ன் பொறுமையாகச் சரிபார்த்திருந்தார். மிச்சம் ஒன்றுதான்: அச்சில் மாட்டும்போது பலகையின் உட்புறம் தம்மைப் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மனைவி ஆர்டிஸ் வாசலில் வந்து நின்று, "ஏங்க, இங்க வெர்ன்னு ஒருத்தர் இருப்பாரே, பார்த்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இப்ப வந்துடுவான்மா, உள்ள போய் உக்காரு" என்று சொல்லிவிட்டு, வெர்ன் எல்லாப் பலகைகளையும் வெளிப்புறம் தெரிய மாட்டினார்.

பக்கத்து வீட்டு கர்ட் பார்த்துச் சிரித்தார். "பனியனை உள்பக்கம் வெளிய மாட்டுன மாதிரி இருக்குடா. அடுப்புல போடு, ஒரு நாள் குளிருக்காவது ஆகும்."

ஆனால் மூலைகளில் மயிரிழைகூட நுழையாது. எரிக்க மனமில்லாமல் வெர்ன் அதைச் சமையலறையில் பொருத்தினார். அதில் போட்ட கரண்டிகள் வாசற்படியில் கிடந்தன. உட்புறம் வெளியே வந்ததால், வெளியே இருந்ததெல்லாம் உள்ளே போயிருந்தது.

அந்த ஜனவரியில் ஆர்டிஸ் மேல்கோட்டு இல்லாமல் எங்கோ நடந்து போய்விட்டார். ஊரே ஏரிக்கரையைச் சல்லடை போட்டுத் தேடியது. நனைந்த கையுறையை மாற்ற வீட்டுக்கு வந்த வெர்ன், பழக்கத்தில் அந்த இழுப்பறையை இழுத்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஆர்டிஸ் நின்றுகொண்டிருந்தார், தலையெல்லாம் பனி. இழுப்பறையைத் திறந்தால் பின்மூலையில் கிடப்பது கைக்கெட்டும் இடத்துக்கு வரும். எல்லா இழுப்பறைகளும் அப்படித்தான்.

"கதவைச் சாத்துங்க, குளிருது" என்றார் ஆர்டிஸ்.

அதன்பின் வந்த வருடங்களில் ஆர்டிஸ் போய்க்கொண்டே இருந்தார், வெர்ன் இழுத்துக்கொண்டே இருந்தார். கர்டும் காணாமல் போன தம் நாய்க்காக வந்து, ஒருமுறை இழுக்கச் சொல்லிக் கேட்டார். அடுப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. தரை லேசாக நகர்ந்தால், வெர்ன் இழுக்கிறார் என்று ஊரார் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு கோடையில், தாயை முதியோர் இல்லத்தில் சேர்க்க டுலூத் நகரிலிருந்து மகள் மார்னி வந்தாள். அறைகூடப் பேசி முடித்திருந்தாள். "உங்களால தனியா முடியாதுப்பா. ஒரு நாள் அம்மா திரும்பி வராமப் போயிட்டா?" பேச்சுக்கு நடுவிலேயே ஆர்டிஸின் நாற்காலி காலியாகியிருந்தது. வெர்ன் எழுந்து போய் இழுப்பறையை இழுத்தார். ஈரக்காற்றில் மரம் உப்பியிருந்ததால் அது பாதியில் சிக்கியது. மார்னியும் கைகொடுத்தாள். அது வெடுக்கென்று வந்தபோது, பின்னால் யாரோ தடுமாறி மேசையைப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

மார்னி தாயை உட்காரவைத்து, காலில் ஒட்டியிருந்த ஏரிக்கரை மணலைத் தட்டிவிட்டாள். பிறகு அலமாரியிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து, இழுப்பறை ஓடும் தடங்களில் நன்றாகத் தேய்த்தாள்.

"இனிமே மெதுவா இழுங்கப்பா" என்றாள். "அம்மா நடந்துக்கிட்டிருப்பாங்க."