வலப்பக்கம்தான் திரும்புவான்

பிறந்து மூன்று நாளாகியும் என் மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தான். அந்த மண்சுவரில் அப்படி என்னதான் கண்டானோ! இடப்பக்கம் படுத்திருந்த நான் மெல்லத் திருப்பிவிடுவேன். கையை எடுத்ததும் பழையபடி சுவர்தான்.

“அட பாவி, நீயுமா?” என்று கத்திவிட்டேன்.

கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக எங்கள் தெரு ஆண்களைப் பிடித்துப் போயிருந்தார்கள். ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினோம். கீழ்வேளூரிலிருந்து வந்ததென்னவோ அதே போலீஸ் லாரிதான். என் வீட்டுக்காரர் மருதையன் திருச்சி ஜெயிலில் இருந்தார். மற்றப் பெண்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளோடு உறவுக்காரர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். தாயில்லாத நிறைமாதக்காரி நான் எங்கே போவேன்?

பக்கத்து ஊரிலிருந்து வந்து பிரசவம் பார்த்துப் போன கண்ணாத்தாள் நாலாம் நாள் எட்டிப் பார்த்தாள். பிள்ளைக்குக் கழுத்தில் கோளாறோ என்று கேட்டேன். தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“கழுத்துல ஒண்ணுமில்லடி அம்சம். பொறந்த புள்ளைங்க முக்காவாசி சோத்துக்கைப் பக்கந்தான் திரும்பும். நீ எடம் மாறிப் படு.”

சுவரோரம் போய்ப் படுத்தேன். அவன் கண் என்மேல் வந்து நின்றது. தேம்பித் தேம்பி அழுதேன். இடக்கையில் ஏந்தினாலும் அவன் முகம் என் மார்புப் பக்கமே திரும்பும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஓயாமல் அவனிடம் பேசினேன். வேறு யாரிடம் பேச?

நாற்பது நாள் கழிந்ததும் ஜெயிலுக்குத் தூக்கிப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியதை நினைத்துக்கொண்டே போனேன். வலியில் நான் தனியாகக் கிடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு வாய்ச் சோறு பொங்கித் தர நாதியில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மனுஷக் குரல் ஒன்று எனக்குப் பதில் பேச வேண்டும்.

பத்து நிமிஷம் தந்தார்கள். நடுவில் கம்பிவலை.

“மூஞ்சியக் காட்டு புள்ள” என்றார்.

பிள்ளை என் மார்பில் முகம் புதைத்திருந்தான். அவருக்குத் தெரிந்தது பிடரிதான். விரலால் திருப்பினேன், மறுபடி என் பக்கமே திரும்பினான்.

“என்னையப் பாக்கமாட்டேங்கறானே!” என்று சிரிக்கப் பார்த்தார்.

வலக்கைக்கு மாற்றினால் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை வரவில்லை. எனக்கென்று இருந்தது அந்த ஒரு முகம்தானே. சீ, என்ன பொம்பளை நான் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. மாற்றினேன். பிள்ளை வலையைப் பார்த்துத் திரும்பினான்.

“அடேய்! எஞ்செல்லம்! எங்கப்பன் மூக்குடா ஒனக்கு!”

அவர் வலையில் நெற்றியை அழுத்திக்கொண்டு அவனிடம் பேசினார், கொஞ்சினார், அழுதார். இடையில் ஒரு தடவை “என்னங்க” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

வார்டர் வந்து அவர் தோளைத் தொட்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் அம்சம் இப்புடி எளைச்சுப் போயிட்ட?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.