கம்பெனி டீச்சரும் நான்காவது மாடியும்

பதினெட்டு வருடம் சோப்புக் கம்பெனியில் விற்பனை மேலாளராகக் கொடிகட்டிப் பறந்தவள், நாற்பத்து நான்கு வயதில் வேலையை உதறிவிட்டு, நகரத்தின் நெரிசலான பகுதியில் இருந்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாள். கார் போயிற்று. சம்பளம் மூன்றில் ஒரு பங்காயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள் என்று நாத்தனார் போன் போட்டுச் சொன்னார். பிள்ளைகள் முதல் நாளே 'கம்பெனி டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பழக்கதோஷம் லேசில் விடுமா? இரண்டாம் மாதமே வகுப்புச் சுவரில் ஒரு பலகையை மாட்டினாள். வாராவாரம் தேர்வு, மதிப்பெண் வரிசைப்படி முப்பத்தொரு பெயர்கள், மேலிருந்து கீழே. கம்பெனியில் கடைசியில் இருப்பவன் அடுத்த வாரமே நாயாய் அலைந்து மேலே வந்துவிடுவான். இங்கே மூன்று வாரம் கடைசியில் இருந்த சிறுமி மேலே வரவில்லை. பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

பதினைந்து பள்ளிநாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவது அந்தப் பள்ளியின் விதி. பத்தாம் நாள் தலைமையாசிரியை, இந்தப் பக்கத்தில் இதெல்லாம் சகஜம், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மனுஷிதான், களைத்துப்போனவர். கம்பெனி டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தப் பிள்ளையை விரட்டியது தன் பலகைதான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கே அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளினாள்.

கழற்றினால் ஆயிற்றா? அன்று மாலை சிறுமியின் வீட்டைத் தேடிப் போனாள். சலவைக்கடைக்கு மேலே, நான்காவது மாடி; லிஃப்ட் கிடையாது. அந்தச் சலவைக்கடையிலேயே இஸ்திரி போடும் அம்மா கதவைப் பாதி திறந்து, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றார். மறுநாள், தூங்குகிறாள் என்றார். பன்னிரண்டாம் நாளும் பதின்மூன்றாம் நாளும் கதவே திறக்கவில்லை; உள்ளே டிவி சத்தம் மட்டும் சட்டென்று அடங்கியது.

வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கணவன் கேட்டான்.

"மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துறாங்க. இன்னும் எத்தனை தடவைதான் போவ?"

"ஒரு பெட்டி சோப்பு விக்க ஏழு தடவை போயிருக்கேன். ஒரு பிள்ளைக்காகப் போக மாட்டேனா?"

அவன் தைலத்தை வாங்கி இன்னொரு முழங்காலுக்குத் தேய்த்துவிட்டான்.

பதினான்காம் நாள் சிறுமியே கதவைத் திறந்தாள். டீச்சர் மூச்சு வாங்க மேல்படியில் உட்கார்ந்து, பலகையைக் கழற்றிவிட்டதாகச் சொன்னாள்.

"கழட்டினா என்ன? நான்தான் கடைசின்னு எல்லாருக்கும் தெரியுமே."

கம்பெனியாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அதில் அவள் கில்லாடி. இங்கே வெட்கமாக இருந்தது.

"ஆமா. நான் செஞ்சது தப்பு. மன்னிச்சுக்கோ."

பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டுச் சிறுமி பார்த்ததே இல்லை போலும். திருதிருவென விழித்தாள்.

"எனக்குக் கணக்கு தெரியாது டீச்சர்."

"தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு?"

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பதினைந்தாம் நாள் வருகை எடுக்கும்போது இருபத்து மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள். பத்து மணிக்குப் பதிவேடு அலுவலகத்துக்குப் போக வேண்டும். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பியூன் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் எண்ணைக் கூப்பிட்டாள்.

"எழுநூத்தி இருபது டீச்சர்."

பியூனுக்குப் பின்னால் சிறுமி பையோடு நின்றிருந்தாள்.

"என்னது?"

"எங்க வீட்டுக்கு எழுபத்திரண்டு படி. நீங்க அஞ்சு நாள் ஏறி இறங்குனீங்க. சரியா டீச்சர்?"

டீச்சர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். எண்கள் கலங்கின, இரண்டாம் முறை பெருக்க வேண்டியிருந்தது.

"சரிதான்" என்று சொல்லி, காலியாக இருந்த கட்டத்தில் வருகையைப் போட்டாள்.