மேற்கு வாசலில் தொடங்கும் பாதைகள்

இமோஜனின் ஷூக்களைக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டியாயிற்று. பின்கதவுச் சாவி அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. இவ்வளவு செய்தும், ஞாயிற்றுக்கிழமை காலை மால்கம் பெட்டிட் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு மாடியேறிப் போனபோது மகளின் படுக்கை காலியாகக் கிடந்தது. ஜன்னல் அகலத் திறந்திருந்தது. கீழே வந்து பார்த்தால் மனைவி ஹிலரியின் பழைய ஷூக்களைக் காணவில்லை. பதினேழு வயதுப் பெண், அம்மாவின் தொளதொளத்த ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போய்விட்டாள்.

ஓடுவது ஒரு குற்றமா? அவளுக்குக் குற்றம்தான். போன வாரம் மருத்துவமனையில் டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். "இந்த இதயம் மாடிப்படி ஏறுறதையே தாங்காது. ஓடினா எந்த இடத்துல வேணும்னாலும் நின்னுடும். அடுத்த வாரம் இங்கே ஒரு கட்டில் காலியாகும், அப்போ சேர்த்துக்கலாம்னு நினைக்கிறோம். அதுவரைக்கும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்குங்க." நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண், ஒன்றரை வருடமாகச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தன்னையே தின்றுகொண்டிருந்தாள்.

ஹோல்ட்விக் கிராமத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. பெட்டிட் வீட்டில் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லி அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது இங்கிலாந்தின் இந்தக் கென்ட் பகுதி மனிதர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். கேட்டவர்களிடம் "காய்ச்சல், கொஞ்சம் இழுத்தடிக்குது" என்றார்கள். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்பது மரியாதையில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், ஊரும் கூடவே சேர்ந்து சோற்றை அள்ளிப் போட்டது.

ஹிலரி காரை எடுத்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் போனாள். மால்கம் ஹோல்ட்விக் மாளிகைப் பக்கம் நடந்தார், நடக்க முடிந்த வேகத்தில். இந்த வட்டாரத்தின் ஓட்டப் பாதைகள் எல்லாமே அவர் வகுத்தவை. மாளிகைத் தோட்டத்தின் மேற்கு வாசலில் தொடங்கி, ஆப்பிள் தோப்பு வழியாக ஒன்று, ஏரியைச் சுற்றி ஒன்று, பீர் காய்ச்சப் பயிரிடும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களின் நடுவே ஒன்று என்று, பூவின் இதழ்கள் மாதிரி வெளியே போய் அதே வாசலுக்குத் திரும்பும். சின்னப் பாதை, நடுத்தரப் பாதை, கடைசியில் மேட்டுப் பாதை. மேட்டுப் பாதைதான் நீளம். ஆட்டுப் புல்வெளிகளுக்கு மேலே ஏறி, ஆளரவமே இல்லாத காடு ஒன்றுக்குள் நுழைந்து, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கும். தானே போட்ட பாதைகளில் தன் மகளைப் பிணமாகப் பார்க்கப் போகிறோமோ என்று நினைத்தபடி நடையை எட்டிப் போட்டார்.

தோப்பின் வேலியைத் தாண்டும் மரப்படியில் கிளைவ் உட்கார்ந்து ஷூவுக்குள் விழுந்த கல்லை உதறிக்கொண்டிருந்தான். ஓட்டச் சங்கத்தின் பயிற்சியாளன். மால்கமோடு பள்ளியில் படித்தவன்.

"என்னப்பா மால்கம், உன் பொண்ணுக்குக் காய்ச்சல்னு கதை விட்டியே! காய்ச்சல்காரி எங்க எல்லாரையும் ஓரங்கட்டிட்டுப் பறக்குறா! நம்ம பசங்க வாயைப் பொளந்துட்டு நிக்கிறானுங்க."

"எப்போ? எந்தப் பக்கம்?"

"அப்பவே போயிட்டா, வாசல் பக்கமா. 'விடாதே இமோஜன், போ போ'ன்னு எல்லாரும் கைதட்டினோம். இளைச்சிருக்கா, ஆனா ஓட்டக்காரிக்கு அதுதானே அழகு? செப்டம்பர்ல மாவட்டக் கோப்பை நமக்குத்தான், எழுதி வச்சுக்கோ."

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே கிளைவின் சட்டையைப் பிடித்து, "அவ செத்துக்கிட்டிருக்காடா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

"ஆமா... இப்போ கொஞ்சம் தேவலை."

"தேவலையா! பிரமாதம்னு சொல்லு!" என்று கிளைவ் சிரித்தபடி ஓடிப் போனான். மால்கம் மரப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் நாக்கை இழுத்து அறுக்க வேண்டும் போலிருந்தது. பெற்ற பெண்ணின் உயிரைவிட அடுத்தவன் முகம் கோணாமல் இருப்பது பெரிதாகப் போய்விட்டதே, இது என்ன பிறவி!

மாளிகையில் அன்று தோட்டம் பார்க்கும் நாள். வருடத்தில் சில ஞாயிறுகளில் சீமாட்டி தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, வசூலைத் தர்மத்துக்குக் கொடுப்பார். மேற்கு வாசலருகே தேநீர்ப் பந்தல். செதுக்கிய யூ மர வேலிகளுக்கு நடுவே வெள்ளைத் தொப்பிகளும் கைத்தடிகளுமாக ஜனம் நகர்ந்துகொண்டிருந்தது. ரோஜாக்கள் அந்த வருடம் மதிலுக்கு மேல் வழிந்தன. அவற்றைப் பார்க்கவே மால்கமுக்கு ஆத்திரமாக வந்தது.

பந்தலில் கேக் வெட்டிக்கொண்டிருந்த பமேலா த்ரிங் கத்தியைத் தூக்கிக் காட்டினாள். தேவாலயப் பூ அலங்காரம் முதல் ஊர்க் கூட்டம் வரை அவளில்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது.

"வாங்க மால்கம், பொண்ணைத் தேடியா? ஒரு சுத்து ஓடிட்டு வர்றா, மறுபடியும் ஓடுறா, மறுபடியும் வர்றா. எனக்குப் பார்த்தே மூச்சு வாங்குது! ஒவ்வொரு தடவையும் என் எலுமிச்சை கேக்ல ஒரு துண்டு வாங்கிட்டுத்தான் போறா. என்ன பசியோ பாவம்."

"வாங்கினாளா? சாப்பிட்டாளா?"

"வாங்கினா, சிரிச்சா, நன்றி சொன்னா. உங்க வளர்ப்பு அப்படி."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், மால்கமின் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேக் சாப்பிட்டிருந்தால் உடம்பில் கொஞ்சமாவது தெம்பிருக்கும். பிறகு வாசலுக்கு வெளியே போய் மதிலின் மறுபக்கம் பார்த்தார். மதிலில் பெயர்ந்துபோன ஒரு செங்கல்லின் பொந்தில் கேக் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றில்கூடப் பல் படவில்லை. மேல் துண்டை ஒரு ராபின் பறவை கொத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவள் ஏதோ ஒரு பாதையில் ஓடவில்லை. அப்பா போட்ட எல்லாப் பாதைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, சின்னதிலிருந்து பெரியதாக, முடித்துக்கொண்டு வருகிறாள். மருத்துவமனைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்கிறாள்.

"பமேலா, இப்போ எந்தப் பக்கம் போனா?"

"இப்பத்தான், மேட்டுப் பக்கம். ஷூ கொஞ்சம் பெரிசோ? இடறி இடறி ஓடினா."

மால்கம் மேட்டை அண்ணாந்து பார்த்தார். இங்கேயே நின்றால் அவள் திரும்பி வரலாம். வராமலும் போகலாம். பின்னால் போனால் இவர் காலுக்கு அவளை எட்டவே முடியாது. மேட்டுக் காட்டுக்குள் விழுந்தால் நாளைக்குத்தான் கண்டுபிடிப்பார்கள். அவர் பந்தலுக்குள் போனார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். வாழ்நாளில் கூட்டத்தில் குரலை உயர்த்தியறியாத மனிதர்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! என் பொண்ணுக்குக் காய்ச்சல் இல்ல. நாங்க பொய் சொன்னோம். அவ சாப்பிடுறதில்ல. மாசக்கணக்கா சாப்பிடுறதில்ல. ஓடினா செத்துருவான்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இப்போ மேட்டுப் பாதைல ஓடிக்கிட்டிருக்கா. அவ ஓட்டத்துக்கு என் கால் எட்டாது. தயவு பண்ணி... யாராவது அவளை நிறுத்துங்க!"

எங்கோ ஒரு கரண்டி தட்டில் விழுந்தது. ஒரு கிழவர் தன் கோப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ தப்பு அவர் பேரில் என்பதுபோல. மால்கமுக்கு வெட்கத்தில் காது மடல் எரிந்தது. அந்த வெட்கத்தையும் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே நின்றார்.

பமேலா கத்தியைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. "கை தட்டி, கேக்கும் குடுத்து அனுப்பியிருக்கேனே, சாமி..." என்றாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனை அவிழ்த்து எறிந்தாள். "என்ன எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கீங்க? எந்திரிங்க! பாதி பேர் இந்த முனையிலிருந்து, பாதி பேர் அந்த முனையிலிருந்து. யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. மால்கம், என் ஜீப்ல ஏறுங்க."

நாற்காலிகள் உருண்டன. தோட்டம் பார்க்க வந்த ஜனம், கைத்தடியும் தொப்பியுமாகப் புல்வெளிக்குள் இறங்கியது. பமேலா ஜீப்பை ஆட்டு மந்தைக்கு நடுவே கண்மண் தெரியாமல் ஓட்டினாள்.

மேட்டின் பாதியில் பச்சை மேல்கோட்டு போட்ட ஒரு தம்பதி எதிரே இறங்கி வந்தார்கள். பந்தலில் சொல்வதற்கு முன்பே உலாவப் போனவர்கள் அல்ல; மால்கம் பேசியபோது முதல் மேசையில் இருந்தவர்கள், குறுக்கு வழியில் முந்திப் போயிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் கையசைத்தார்கள்.

"ஒரு பொண்ணைப் பார்த்தோம்," என்றார் கணவர். "ஆனா அது உங்க பொண்ணு இல்ல."

"எப்படித் தெரியும்?"

"கேட்டோமே. 'நீங்க தேடுறது நானில்லை, அந்தப் பொண்ணு ஏரிப் பக்கம் போச்சு'ன்னு சொல்லுச்சு. ரொம்ப மரியாதையான பொண்ணு."

"நிறுத்தலையா?"

தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியாத பொண்ணை எப்படிங்க கையைப் பிடிச்சு..." என்று மனைவி இழுத்தாள். "நாங்க கேட்டைத் திறந்து விட்டோம். பாவம், தாழ்ப்பாளைத் தூக்கக்கூட அதுக்குத் தெம்பில்ல."

மால்கமின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. அந்த அம்மாள் பின்வாங்கினாள். அவர்களைத் திட்டி என்ன பயன்? காலையில் மரப்படியருகே இவர் செய்ததும் இதுதானே. பமேலா பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பைத் திருப்பி, காட்டுக்கு அந்தப் பக்கம், பாதை வெளியே வரும் இடத்துக்கு விட்டாள்.

அங்கே ஹாதார்ன் முட்செடி வேலியின் நடுவில் ஒரு மரக்கதவு. மால்கம் இறங்கிப் போய் அதன்முன் நின்றார். காட்டுக்குள் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மரங்களுக்கிடையே ஒரு வெள்ளைச் சட்டை அசைந்தது. அசைந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஓட்டமாக இல்லை. இமோஜன் நடப்பவனைவிட மெதுவாக ஓடிவந்தாள். கைகள் மட்டும் ஓட்டக்காரியின் கைகளாக ஆடின. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு காலில் ஷூ இல்லை. காலுறை சேறும் ரத்தமுமாக இருந்தது.

அப்பாவைப் பார்த்ததும் அவள் நிற்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து, நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி ஓடினாள்.

"கதவைத் திறங்கப்பா. இது ஒண்ணுதான் பாக்கி."

"மாட்டேன்."

"கீழ வாசல் தெரியுது பாருங்க. வாசலைத் தொட்டதும் நிறுத்திடுறேன். சத்தியமா."

"மாட்டேன் கண்ணு."

"நீங்கதானேப்பா சொன்னீங்க, ஆரம்பிச்சா முடிக்கணும்னு? பாதில நிறுத்தினா அது ஓட்டமே இல்லைன்னு?"

"சொன்னேன். முட்டாள்தனமா சொன்னேன்."

"இது பொதுப் பாதை! மூடக் கூடாது! உங்களுக்கு உரிமையில்ல!"

அதுவும் உண்மைதான். பொதுப் பாதையில் எந்தப் பண்ணைக்காரன் ஒரு பூட்டைத் தொங்கவிட்டாலும் நீதிமன்றம் வரை இழுத்துத் திறக்க வைத்த மனிதர் மால்கம். அவர் இப்போது இரண்டு கையாலும் தாழ்ப்பாளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இமோஜன் அடிக்க ஆரம்பித்தாள். முஷ்டியை மடக்கி அவர் விரல்கள்மேல் குத்தினாள். மணிக்கட்டில் குத்தினாள். அழுதுகொண்டே, கால்களை நிறுத்தாமலே குத்தினாள். பமேலா ஜீப்பின் அருகிலிருந்து ஓரடி எடுத்து வைத்து, பிறகு அங்கேயே நின்றுவிட்டாள். மால்கம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. ஒரு குருவி வந்து உட்கார்ந்து எழுந்த அளவுதான் இருந்தது. சிறுவயதில் அவள் விளையாட்டாக அடித்தாலே இவருக்குக் கன்றிப்போகும். அவ்வளவு முரட்டுக் கை அவளுக்கு.

"இன்னும் அடி," என்றார். "பலமா அடிடா கண்ணு. அப்பாவுக்கு வலிக்கவே இல்லையே. வலிக்கிற மாதிரி அடி."

அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. கால்களும் நின்றன. கதவின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கினாள்.

"முடியலப்பா," என்றாள்.

பெட்டிட் வீட்டில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. கீழே பாதையில் ஆம்புலன்சின் ஓசை கேட்டது. மால்கம் அப்போதுதான் கதவைத் திறந்தார்.