காரிலிருந்து இறங்காத பெண்

1
இந்தக் கதை அமலி கொடுத்தது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் ஞாயிறு பூசை முடிந்து காபி குடிக்கும்போது சொன்னாள். “எழுதிக்கோங்க. ஆனா என்னை நல்லவளாக்கிடாதீங்க.”

முதல் வரி: ‘அமலியின் மெல்லிய விரல்களுக்கிடையே புகை சுருள்–’

அடித்துவிட்டேன். அதுவே சிகரெட் விளம்பரம்போல இருந்தது. (புகைக்கிற பெண்ணை எழுத உட்கார்ந்தாலே கை அவளை அழகாக்கிவிடுகிறது. யார் பழக்கிய கையோ!)

2
அமலியும் அப்படியொரு விளம்பரம் பார்த்துத்தான் படிக்கிற காலத்தில் பிடிக்கத் தொடங்கினாள். படத்திலிருந்த உயரமான பெண்ணை யாரும் எதுவும் கேட்க முடியாது என்று தோன்றியதாம். மகன் பிறந்ததும் விட்டாள். இப்போது விளம்பர நிறுவனத்தில் வேலை.

பெண்களுக்கென்றே ஒரு வேப், அதாவது மின்சிகரெட், வரப்போகிறது. பார்க்க லிப்ஸ்டிக் மாதிரி. மீட்டிங்கில் காட்டிய படங்களிலெல்லாம் பார்ட்டி, கடற்கரை, சிரிக்கும் தோழிகள். அமலி வேண்டாமென்று தலையசைத்தாள். வேலை முடிந்து வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் காட்டுங்கள் என்றாள். உள்ளே போனால் சமையல், ஹோம்வொர்க், ஊரிலிருந்து மாமியார் போன். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கென்று இருப்பது.

அறையே கைதட்டியது.

‘அவள் மனம் உறுத்–’ என்று எழுதப்போனேன். “உறுத்தலையே! சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஜோபின் டின்னருக்குக்கூட கூட்டிட்டுப் போனார்” என்றாள். ஜோபின் அவள் கணவர்.

3
எதிர்வீட்டு ஷைனா, கணவனின் வேலைக்காக இங்கே வந்தவள். அவள் விசாவில் வேலைக்குப் போக முடியாது. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஒரு சாயங்காலம் அவள் கார் வாசலில் நின்றது, அவள் இறங்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று அமலி ஓடினாள். கண்ணாடி இறங்கியதும் மாம்பழ வாசனையோடு புகை.

“ஏறுங்கக்கா” என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள் ஷைனா. கையில் அந்த லிப்ஸ்டிக் வேப். “இதோட வீடியோ பாத்தீங்களா? போன்ல வந்துட்டே இருந்துச்சு. என்னைப் பாத்தே எடுத்த மாதிரி. இந்த ஊருக்கு வந்ததுலருந்து என்னைப் புரிஞ்சுக்கிட்டது அவங்க மட்டும்தான்க்கா.”

4
இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஷைனா அதைத் தூக்கியெறிகிறாள். எழுதினேனே தவிர, அவள் விரல்கள் விடவில்லை. இன்னொன்றில் அமலி வேலையை ராஜினாமா செய்கிறாள். “வேலையை விட்டா கிரீன் கார்டு நீங்க வாங்கித் தருவீங்களா?” என்று சிரித்தாள் அமலி.

நடந்தது இதுதான். “அந்த ஐடியா என்னோடது, ஷைனா” என்றாள் அமலி.

ஷைனா கோபப்படவில்லை. “அப்போ இப்படி இறங்காம உக்காந்திருக்கறது எப்படின்னு உங்களுக்கு நிஜமாவே தெரியுமாக்கா?”

“தெரியும்.”

“அப்புறம்?” என்று கேட்டேன் நான்.

“அப்புறம் பேச வரலை. அவ கேட்டது அவ்வளவுதான், ஆனா இன்னும் எதுக்கோ காத்திருந்தா. நீங்கதானே எழுதறவங்க, என்ன சொல்லியிருக்கணும்?”

எனக்கும் வரவில்லை. அதனால் அமலியைக் காரிலிருந்து இறக்கிவிட்டு, வாசிக்கிற உங்களை அந்த சீட்டில் உட்கார வைக்கிறேன். ஷைனா உங்கள் முகத்தையே பார்க்கிறாள். பின்சீட்டில் ஃப்ரோசன் பரோட்டா இளகிக்கொண்டிருக்கிறது. சொல்லுங்கள்.