நடைப் பரீட்சை

"கன்னத்த இன்னும் நல்லா தேய்டா. சிவந்தாதான் டாக்டர் நம்புவாரு," என்றார் அப்பா, ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி.

மகன் தேய்த்தான். கன்னம் சிவக்கவில்லை, அவன் உள்ளங்கைதான் வியர்த்தது.

போன முறை இந்தப் பரீட்சையில் அப்பா முதல் வகுப்பில் தேறியவர். புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கு ஏறிவிட்டிருந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, சுவர்வரை நடந்து திரும்பினால்தான் வயதானவர்களுக்கு முழு கீமோ என்று யாரோ சொல்லிவைக்க, இருவரும் வீட்டுக் கூடத்தில் விடாமல் ஒத்திகை பார்த்தார்கள். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியருக்கு மகனே பயிற்சியாளன். டாக்டர் நம்பிவிட்டார். வீட்டில் கழிவறைக்குப் போக அப்பா சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததற்கு மதிப்பெண் கிடையாது. மருந்து ஏறியது, பின்னாலேயே காய்ச்சலும் மூச்சிரைப்பும். மறுபடி வார்டு.

டாக்டர் வந்தார். "காய்ச்சல் விட்டிருக்கே பெரியவரே. அடுத்த டோஸ் போடலாமா? எங்க, எழுந்து நடங்க."

அப்பா முழங்காலில் கைவைத்தார். எழவில்லை. மகனைப் பார்த்தார். 'யாருக்கும் தெரியாம ஒரு கை குடுடா' என்கிற பார்வை. மருந்தைப் போட்டால் அப்பா இருக்கமாட்டார். போடாவிட்டால் அப்பாவுக்கு நம்பிக்கை இருக்காது.

"அவரால முடியாது சார். போன தடவையும் முடியல. வீட்ல பயிற்சி எடுத்துட்டுதான் வந்தோம்."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்பவே சொல்லியிருந்தா மருந்த குறைச்சிருப்பேனே. சரி, இனிமே வேண்டாம். வலி தெரியாம பாத்துக்கலாம்."

அவர் தலை மறைந்ததும் அப்பா, "பிட்டு குடுத்தவனே போய் வாத்தியார்கிட்ட சொல்லிட்டான்," என்றார்.

அடுத்து சிரிப்பார் என்று மகன் காத்திருந்தான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதியம், "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டான். பதில் இல்லை. தூக்கம் என்று நினைத்தான். பிறகு, கோபம் என்று நினைத்தான். இன்னொரு முறை கேட்கப் பயமாக இருந்தது. சாயங்காலம் நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்தபோதுதான் இரண்டும் இல்லை என்று தெரிந்தது.

போனில் அக்கா அழுதாள். "கடைசியா உன்கிட்ட என்னடா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லக்கா. எப்பவும் போல கிண்டல்தான்."

பக்கத்துக் கட்டில்காரர் உரித்த ஆரஞ்சில் பாதியை நீட்டினார். வாயில் வைத்தான், பல் கூசும் புளிப்பு. விதைகளைக் கையில் துப்பிக்கொண்டே, ஒவ்வொரு சுளையாக எல்லாவற்றையும் தின்று முடித்தான்.